அயலுறவு படிக்க யாருக்குத் தகுதி?

பட்டப்படிப்பின் இறுதித் தேர்வு முடிந்த வாரங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரே கணக்குதான் போடப்படுகிறது. எந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும்? கட்டணம் எவ்வளவு? விடுதி கிடைக்குமா? உதவித்தொகை வருமா, வந்தால் எந்த மாதத்தில் வரும்? பன்னாட்டு உறவுகள் என்னும் பாடத்தைப் படிக்க விரும்பும் மாணவருக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினமானது. இப்பாடத்துக்கெனத் தனித் துறை வைத்திருக்கும் அரசுப் பல்கலைக்கழகங்கள் நாட்டில் குறைவு. தில்லியின் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், கொல்கத்தாவின் ஜாதவ்பூர், கோட்டயத்தின் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம், புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம் என்று எண்ணத் தொடங்கினால் பட்டியல் விரைவிலேயே முடிந்துவிடுகிறது. மறுபுறம், ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் கட்டணம் வாங்கும் தனியார் பல்கலைக்கழகங்கள் இதே பாடத்துக்குப் பளபளப்பான விளம்பரங்களோடு மாணவர்களை அழைக்கின்றன. கட்டணத்தைக் கண்டு தயங்குவோருக்கு அவை ஒரு சொல்லைத் தூண்டிலாகப் போடுகின்றன: 'தகுதி உதவித்தொகை'.

கல்வி ஆலோசகர்களும் பயிற்சி மையங்களும் மாணவரிடம் பேசுவது ஒரே மொழி. உன் மதிப்பெண், உன் கட்டுரை, உன் நேர்காணல், உன் திறமை. இவற்றைக் கூட்டினால் உன் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று தெரிந்துவிடும் என்கிறார்கள். இந்தக் கணக்கில் அரசுக்கு இடமே இல்லை. எத்தனை இடங்கள், எந்த மொழியில் தேர்வு, எவ்வளவு உதவித்தொகை என்பவற்றை எல்லாம் யார் தீர்மானித்தார்கள் என்ற கேள்வி எழுவதே இல்லை. மாணவர் விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே அவரது வாய்ப்பில் பெரும்பகுதி கல்வி அமைச்சகத்திலும் பல்கலைக்கழக மானியக் குழுவிலும் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. கடந்த பத்தாண்டுகளில் அங்கே எடுக்கப்பட்ட முடிவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், அயலுறவுக் கல்வியிலிருந்து உழைக்கும் மக்களின் பிள்ளைகள் எப்படி ஒவ்வொரு படியாக வெளியேற்றப்படுகிறார்கள் என்பது புலப்படும்.

சப்ரு மாளிகையிலிருந்து தொடங்கிய பாதை

விடுதலை பெற்ற இந்தியாவில் இப்பாடம் ஓர் அரசியல் தேவையிலிருந்து பிறந்தது. 1955 ஏப்ரலில் பாண்டுங் நகரில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடின. அதே ஆண்டில் தில்லியின் சப்ரு மாளிகையில் இந்தியப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ஏ. அப்பாதுரை, தென்னிந்தியாவின் இடைக்காலப் பொருளாதார நிலை குறித்து அவர் எழுதிய நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1936இல் வெளியிட்டிருந்தது. உலகத்தை லண்டன், வாஷிங்டன் கண்களால் அன்றித் தன் கண்களால் பார்க்க ஒரு புதிய நாட்டுக்குச் சொந்த அறிஞர்கள் தேவைப்பட்டனர். 1970இல் இந்தப் பள்ளி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது.

அந்தப் பல்கலைக்கழகம் 'தகுதி' என்ற சொல்லுக்கு வேறொரு பொருளை நடைமுறைப்படுத்திக் காட்டியது. பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருவோருக்குச் சேர்க்கையில் கூடுதல் புள்ளிகள் வழங்கப்பட்டன. காலாகண்டியில் படித்து 60 மதிப்பெண் எடுத்தவரும் தென்தில்லியில் படித்து 65 எடுத்தவரும் ஓடிவந்த தூரம் ஒன்றல்ல என்ற எளிய உண்மையை அந்த முறை ஏற்றுக்கொண்டது. 1980களில் பறிக்கப்பட்ட இந்தப் புள்ளிகள் மாணவர் போராட்டத்தின் விளைவாக 1994இல் மீட்கப்பட்டன. பின்னர் பெண்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டன. கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாயாகவே இருந்தது. இதன் பலன் என்ன? பல்கலைக்கழகத்தின் 2017-18 ஆண்டறிக்கையின்படி, அவ்வாண்டு சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் மாத வருமானம் 12,000 ரூபாய்க்கும் குறைவான குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நாட்டின் தலைசிறந்த பல்கலைக்கழகங்களுள் ஒன்று எனத் தரவரிசைகளில் அது தொடர்ந்து இடம்பெற்ற காலமும் இதுதான். ஏழைகளைச் சேர்த்தால் தரம் கெடும் என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை.

இடங்கள் வெட்டப்பட்ட கதை

2016இல் அப்பல்கலைக்கழகம் அமைத்த பேராசிரியர் அப்துல் நஃபே குழு, எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற ஒடுக்கப்பட்ட பிரிவு மாணவர்கள் நேர்காணலில் பின்னுக்குத் தள்ளப்படுவதைத் தரவுகளோடு சுட்டிக்காட்டியது. நேர்காணல் மதிப்பெண்ணை 30இலிருந்து 15ஆகக் குறைக்கவும் பரிந்துரைத்தது. நடந்தது நேர் எதிரானது. மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறைகளைக் காட்டி, எழுத்துத் தேர்வு வெறும் தகுதிகாண் தேர்வாக்கப்பட்டது. ஆய்வுச் சேர்க்கை முழுவதும் நேர்காணலின் கையில் ஒப்படைக்கப்பட்டது. ஒரு பேராசிரியரிடம் இத்தனை ஆய்வாளர்களே இருக்கலாம் என்ற உச்சவரம்பைக் காட்டி 2017இல் ஆய்வு இடங்கள் 80 விழுக்காட்டுக்கும் மேல் வெட்டப்பட்டன. ஆய்வுச் சேர்க்கையில் பின்தங்கிய மாவட்டப் புள்ளிகளும் அதே ஆண்டில் ஒழிக்கப்பட்டன. எதிர்ப்புக்குப் பிறகு 2018இல் எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று விதி திருத்தப்பட்டது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் கதவு மூடப்பட்ட மாணவர்களுக்கு அந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை.

இந்த வெட்டு நடந்தபோது துணைவேந்தராக இருந்தவர் எம். ஜெகதீஷ் குமார். 2022இல் அவரே மானியக் குழுவின் தலைவராக அமர்த்தப்பட்டார். அதே ஆண்டில் மத்தியப் பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும் கியூட் எனப்படும் பொது நுழைவுத் தேர்வு வந்தது. ஒரு வளாகத்தில் செய்து பார்த்த சோதனை நாடு முழுமைக்கும் விரிந்தது. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தோரை இது பாதிக்கும் என்று 2022 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்றிய அரசு அதைப் பொருட்படுத்தவில்லை.

மொழியின் பக்கம் பார்த்தால் அநீதி இன்னும் வெளிப்படையானது. இளநிலைக்கான கியூட் தேர்வு தமிழ் உட்பட 13 மொழிகளில் நடக்கிறது. முதுகலைக்கான தேர்வில், மொழிப் பாடங்கள் போன்ற சில விலக்குகள் தவிர, வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதி, இந்திய அயலுறவுப் பணியில் சேர்ந்து, ஒரு நாள் தூதராகவும் ஆக ஒருவருக்குச் சட்டப்படி வழி உண்டு. ஆனால் அதே அயலுறவை மத்தியப் பல்கலைக்கழகத்தில் முதுகலையாகப் படிக்க அவர் தமிழில் தேர்வெழுத முடியாது. தமிழ், வங்காளம், ஒடியா, மராத்தி வழியில் அரசியல் அறிவியல் பட்டம் பெற்றவர்கள் எல்லோரும் இந்தச் சுவரில் முட்டுகிறார்கள். தாய்மொழிக் கல்வியைப் போற்றுவதாகச் சொல்லும் தேசியக் கல்விக் கொள்கையின் ஆட்சியில்தான் இது நடக்கிறது.

2024 மார்ச்சில் மானியக் குழு இன்னோர் அடி எடுத்து வைத்தது. முனைவர் பட்டச் சேர்க்கைக்கு நெட் தேர்வு மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் தன் சொந்த நுழைவுத் தேர்வைக் கைவிட்டு அதை ஏற்றது. மொழிப் பாடங்கள் நீங்கலாக நெட் தேர்வும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. மூன்று மணி நேரத்தில் 150 கொள்குறி வினாக்கள். மேற்கு ஆசியாவின் எண்ணெய் அரசியலையோ இலங்கையின் இனச் சிக்கலையோ ஆராயும் திறன் ஒருவருக்கு உண்டா என்பதை நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் வேகம் எப்படிச் சொல்லும்? 2024 ஜூன் 18இல் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய இத்தேர்வு மறுநாளே ரத்து செய்யப்பட்டது. ஊர் விட்டு ஊர் பயணம் செய்து, வாடகை அறையில் தங்கி எழுதிய மாணவர்களின் செலவுக்கும் மனவேதனைக்கும் எவரும் பொறுப்பேற்கவில்லை. இந்த முகமை நடத்தும் தேர்வுதான் 'தகுதி'யை அளக்கும் தராசு என்கிறார்கள்.

உதவித்தொகை என்னும் ஒழுகும் குழாய்

இத்தனை தடைகளையும் தாண்டி இடம் பிடித்தவருக்கு அடுத்த கேள்வி வயிற்றைப் பற்றியது. வறிய குடும்பங்களிலிருந்து வரும் இளங்கலை, முதுகலை மாணவருக்கு ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வழங்கப்பட்டுவந்த தகுதி மற்றும் வருவாய் அடிப்படையிலான உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். விலைவாசி ஏறியது, விடுதியின் உணவுக் கட்டணம் ஏறியது, இந்தத் தொகை மட்டும் ஆண்டுக்கணக்கில் அசையவில்லை. அதைக் குறைந்தது 5,000 ரூபாயாக உயர்த்தக் கோரி 2024 ஆகஸ்டில் மாணவர்கள் காலவரையற்ற பட்டினிப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது.

ஆய்வு மாணவர்களின் நிலை என்ன? இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். நெட் தேர்வின் வழியாக அதைப் பெறாத மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு 8,000 ரூபாய். 2012இல் நிர்ணயிக்கப்பட்ட தொகை அது. அதையும் 2015 அக்டோபரில் நிறுத்த முயன்றபோது, மாணவர்கள் தில்லியில் மானியக் குழு அலுவலகத்தை முற்றுகையிட்டனர். தடியடிக்கும் குளிருக்கும் இடையே நடந்த அந்தப் போராட்டம் இல்லாதிருந்தால் இந்த 8,000 ரூபாயும் இன்று இருந்திருக்காது.

சிறுபான்மை மாணவர்களுக்கு 2009 முதல் வழங்கப்பட்டுவந்த மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகையை 2022-23 முதல் நிறுத்துவதாக 2022 டிசம்பரில் மக்களவையில் அரசு அறிவித்தது. வேறு திட்டங்களோடு இது ஒன்றுக்கொன்று மேற்படிகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகை பெற விதியே இடம் தராதபோது, மேற்படிவதாகச் சொல்வது வெறும் சாக்கு. ஏற்கெனவே தேர்வு பெற்றிருந்தோருக்கும் 2025இல் பல மாதங்கள் பணம் வரவில்லை.

வெளிநாட்டில் படிக்க விரும்பும் தலித், நாடோடிப் பழங்குடி, நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உள்ள ஒரே பெரிய ஒன்றிய அரசுத் திட்டம் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை. உலகத் தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் இருக்கும் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் சேர்க்கப்பட்டது. 2022இல் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு உதவி கிடையாது என்று விதி மாற்றப்பட்டது. ஒரு தலித் மாணவர் ஆக்ஸ்போர்டில் அமர்ந்து சாதியைப் பற்றி உலக அரங்கில் ஆராயக் கூடாது என்பதுதான் இதன் பொருள். 2025 ஜூலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 106 பேரில் 40 பேருக்கே முதலில் ஒப்புதல் கடிதம் தரப்பட்டது. எஞ்சிய 66 பேருக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றது அமைச்சகம். இந்த 66 பேரும் அரசே வகுத்த 'தகுதி'த் தேர்வில் வென்றவர்கள். தகுதியை நிரூபித்த பிறகும் ஏழைக்குக் கிடைத்தது காத்திருப்புதான்.

இதற்கிடையில் அரசு நீட்டும் மாற்று, கடன். 2017இல் உருவாக்கப்பட்ட உயர்கல்வி நிதியளிப்பு முகமை, பல்கலைக்கழகங்களுக்கு மானியத்துக்குப் பதில் கடன் தருகிறது. கடனை அடைக்க நிறுவனம் வருவாய் தேட வேண்டும். அந்தச் சுமை கட்டணமாக மாணவர் தலையில் இறங்குகிறது. 2019இல் விடுதி அறை வாடகையை 10, 20 ரூபாயிலிருந்து 300, 600 ரூபாயாக உயர்த்த ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக நிர்வாகம் முயன்றதை இந்தப் பின்னணியில்தான் காண வேண்டும். 2024 நவம்பரில் பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது; ஈடில்லாக் கடனும், ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் அதன் சாரம். நிறுவனத்துக்கும் கடன், மாணவருக்கும் கடன். வங்கிக்கு மட்டும் வட்டி. அயலுறவு படித்தவருக்குப் படிப்பு முடிந்தவுடன் கணினி நிறுவன ஊதியம் காத்திருப்பதில்லை. பல ஆண்டு ஆய்வு, ஓர் அயல்மொழிப் பயிற்சி, குறைந்த ஊதியத்தில் தொடங்கும் பணி என்பதே இத்துறையின் வழி. கடனாளி இந்த வழியில் நடக்க முடியாது.

தள்ளுபடியின் கணக்கு

அரசு பின்வாங்கிய இடத்தில் தனியார் பல்கலைக்கழகங்கள் கடை விரித்திருக்கின்றன. அவர்கள் வழங்கும் 'தகுதி உதவித்தொகை' உண்மையில் என்ன என்பதை ஒரு எளிய எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். ஆண்டுக் கட்டணம் 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தூய்மைப் பணியாளரின் மகளுக்கு முழுக் கட்டண விலக்கு அளித்தால் நிறுவனத்துக்கு 10 லட்சம் வரவு இல்லை. அதே 10 லட்சத்தை நான்காகப் பிரித்து, வசதி படைத்த நான்கு பேருக்கு 25 விழுக்காடு தள்ளுபடியாகத் தந்தால், அந்த நால்வரும் சேர்ந்து 30 லட்சம் ரூபாய் கொண்டுவருகிறார்கள். நால்வரின் பெற்றோருக்கும் பிள்ளை உதவித்தொகை பெற்ற பெருமிதம். நிறுவனத்துக்கு நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர்கள் என்ற விளம்பரம். தூய்மைப் பணியாளரின் மகளுக்கோ 25 விழுக்காடு தள்ளுபடி போக எஞ்சும் ஏழரை லட்சம் எட்டாத உயரம்தான்.

இந்த முறையின் தாயகம் அமெரிக்கா. அங்குள்ள தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்கு அறிவிக்கும் கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கும் மேல் தள்ளுபடியாகக் கழிக்கின்றன. அதாவது அறிவிக்கப்படும் கட்டணம், பண்டிகைக் காலத் துணிக்கடையில் விலையை ஏற்றி எழுதி அடித்துக் காட்டுவதைப் போன்றது. பெரும் செல்வ வளம் கொண்ட ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டும் தகுதி அடிப்படையில் உதவித்தொகை வழங்குவதே இல்லை. குடும்பத்தின் பொருளாதார நிலையை மட்டுமே பார்க்கின்றன. ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மிகப் பெரும்பாலானவை, வெளிநாட்டு மாணவரின் விண்ணப்பத்தை எடைபோடும்போது அவரால் கட்டணம் செலுத்த முடியுமா என்பதையும் சேர்த்தே எடைபோடுகின்றன. அங்கே ஏழ்மை, உதவி பெறும் தகுதியாக அமைவதற்கு முன்பே சேர்க்கையை மறுக்கும் காரணமாகிவிடுகிறது.

இதே சந்தை இப்போது இந்தியாவுக்குள் வருகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இங்கே வளாகம் அமைக்க 2023இல் மானியக் குழு விதிமுறை வெளியிட்டது. சேர்க்கை முறையையும் கட்டணத்தையும் அவர்களே முடிவு செய்துகொள்ளலாம். இட ஒதுக்கீட்டுக்குக் கட்டாயம் இல்லை. உதவித்தொகை 'வழங்கலாம்' என்கிறது விதி; வழங்க வேண்டும் என்று சொல்லவில்லை. இந்தியத் தனியார் பல்கலைக்கழகங்களின் நிலையும் இதுவே. தனியார் கல்வி நிறுவனங்களிலும் இட ஒதுக்கீடு செய்ய அரசமைப்புச் சட்டத்தின் 93ஆவது திருத்தம் 2005இலேயே வழி திறந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் இன்றுவரை இயற்றவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் கல்வி நிலைக்குழு இத்தகைய சட்டம் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஆட்சியாளர்கள் தனியாரிடம் உதவித்தொகையை 'ஊக்குவிப்பதாக' மட்டுமே கூறுகிறார்கள். உரிமையைச் சட்டமாக்க மறுப்பவர்கள் கருணையைப் பரிந்துரைக்கிறார்கள்.

உழைக்கும் மக்களுக்கு அயலுறவு எதற்கு?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அயலுறவு என்பது தூதரகங்களின் விருந்து மேசையைச் சுற்றிய படிப்பு. கூலித் தொழிலாளியின் பிள்ளை மருத்துவம், பொறியியல் என்று போகட்டும். இதற்காக ஏன் போராட வேண்டும் என்று சில நண்பர்களே கேட்பது உண்டு. விடை 2024 ஜனவரியில் அரியானாவின் ரோத்தக்கில் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தது. காசா மீது குண்டு பொழிந்துகொண்டிருந்த இஸ்ரேலில் கட்டுமான வேலைக்கு ஆள் எடுக்க அங்கே முகாம் நடந்தது. பாலஸ்தீனத் தொழிலாளர்களின் பணி அனுமதிகள் பறிக்கப்பட்ட இடத்தில் இந்தியத் தொழிலாளர்களை நிறுத்துவதற்கான ஏற்பாடு அது. மத்தியத் தொழிற்சங்கங்கள் இதைக் கண்டித்தன. கடுங்குளிரில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் போர்க்களத்துக்குப் போக வரிசையில் நின்றார்கள். ரோத்தக்கை ஒட்டிய மாவட்டம்தான் சோனிபட். ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் கட்டணத்தில் பன்னாட்டு விவகாரங்கள் கற்பிக்கப்படும் தனியார் வளாகம் அங்கே இருக்கிறது. அயலுறவுக் கொள்கையின் விலையைத் தன் உடலால் செலுத்துபவன் ஒருபுறம். அக்கொள்கையைக் கற்று வகுக்கப் போகிறவன் மறுபுறம்.

வளைகுடா நாடுகளில் உழைக்கும் லட்சக்கணக்கானோரின் ஊதியமும் கடவுச்சீட்டும் இருநாட்டு ஒப்பந்தங்களைச் சார்ந்திருக்கின்றன. பாக் நீரிணையில் வலை வீசும் மீனவரின் வாழ்வு 1974, 1976ஆம் ஆண்டுகளின் கடல் எல்லை உடன்பாடுகளோடு பின்னியிருக்கிறது. பருத்தி விவசாயியின் விலை, திருப்பூர்த் தையல் தொழிலாளியின் வேலை, சமையல் எரிவாயுவின் விலை ஆகிய ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அயல்தலைநகரில் நடக்கும் பேச்சுவார்த்தை மேசையில் தீர்மானமாகிறது. அந்த மேசையில் இந்தியாவின் பக்கம் அமர்பவர்கள், அவர்களுக்குக் குறிப்பு எழுதித் தருபவர்கள், தொலைக்காட்சியில் அதை நியாயப்படுத்துபவர்கள் எல்லோரும் ஒரே வர்க்கத்திலிருந்து வந்தால், எந்த நலன் தேசிய நலனாக முன்வைக்கப்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பாடத்தின் நுழைவாயில் குறுகும்போது பாடத்தின் உள்ளடக்கமும் குறுகுகிறது. 2024 அக்டோபரில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் மேற்கு ஆசிய ஆய்வு மையத்தில் ஈரான், பாலஸ்தீனம், லெபனான் தூதர்கள் உரையாற்றவிருந்த கருத்தரங்குகள் நடக்காமல் போயின. மேற்கு ஆசியாவை ஆராய்வதற்கென்றே இருக்கும் மையத்தில் மேற்கு ஆசியாவின் குரல் ஒலிக்க முடியவில்லை. சார்க் நாடுகள் இணைந்து தில்லியில் 2010இல் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகத்திலும் பன்னாட்டு உறவுகள் ஒரு முதன்மைப் பாடம். அங்கே 2022இல் உதவித்தொகைக்காகப் போராடிய மாணவர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது. காவல்துறை வளாகத்துக்குள் அழைக்கப்பட்டது. அவர்களுக்காகக் குரல் கொடுத்த ஆசிரியர்களுள் நால்வர் 2023 ஜூனில் இடைநீக்கம் செய்யப்பட்டனர். உதவித்தொகையின் அளவும் கருத்துரிமையின் அளவும் ஒரே கையால் குறைக்கப்படுகின்றன.

தகுதி யாருடையது?

2022 ஜனவரியில் மருத்துவ மேற்படிப்பு இட ஒதுக்கீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமே ஒன்றைத் தெளிவாக்கியது. போட்டித் தேர்வில் பெறும் மதிப்பெண் மட்டுமே தகுதியாகாது. அந்த மதிப்பெண்ணின் பின்னால் குடும்பம், பள்ளி, பயிற்சி ஆகியவற்றின் வழி சேர்ந்த சமூக மூலதனம் இருக்கிறது. இட ஒதுக்கீடு தகுதிக்கு எதிரானதல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் சொன்ன இந்த உண்மையைத்தான் நுழைவுத் தேர்வு, நேர்காணல், உதவித்தொகை விதி என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றிய அரசு மறுத்துவருகிறது.

இதன் பொருள், தனியார் பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகையை ஏழை மாணவர் மறுத்துவிட வேண்டும் என்பதல்ல. கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயையும் பெற்றுப் படிக்க அவருக்கு முழு உரிமை உண்டு. அவரது தெரிவைக் குறை கூறுவது இயக்கத்தின் வேலை இல்லை. ஒருவருக்குத் தரப்படும் விலக்கைக் காட்டி ஆயிரம் பேருக்கு மறுக்கப்படும் இடத்தை மறைப்பதே எதிர்க்கப்பட வேண்டியது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக முன்வைக்கப்பட வேண்டும். ஆய்வுச் சேர்க்கையில் பின்தங்கிய மாவட்டப் புள்ளிகள் மீட்கப்பட வேண்டும். மற்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் அவை விரிவுபடுத்தப்பட வேண்டும். முதுகலை நுழைவுத் தேர்வும் நெட் தேர்வும் எட்டாவது அட்டவணையின் மொழிகள் அனைத்திலும் நடத்தப்பட வேண்டும். பல்கலைக்கழகங்கள் தம் சேர்க்கையைத் தாமே நடத்தும் உரிமையைத் திரும்பப் பெற வேண்டும். நேர்காணலின் எடை 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மௌலானா ஆசாத் உதவித்தொகை மீண்டும் தொடங்கப்பட வேண்டும். வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் பாடத் தடை நீக்கப்பட வேண்டும். தேர்வு பெற்ற அனைவருக்கும் அதே ஆண்டில் நிதி உறுதி செய்யப்பட வேண்டும். எல்லா உதவித்தொகைகளும் விலைவாசிக் குறியீட்டோடு இணைக்கப்பட வேண்டும். தனியார், வெளிநாட்டு வளாகங்களில் இட ஒதுக்கீட்டுக்கும் கட்டணக் கட்டுப்பாட்டுக்கும் சட்டம் இயற்றப்பட வேண்டும். கோத்தாரிக் குழு 1966இலேயே வற்புறுத்திய, தேசியக் கல்விக் கொள்கையும் ஒப்புக்கொள்ளும், நாட்டு வருமானத்தில் 6 விழுக்காடு ஒதுக்கீடு இல்லாமல் இவை எதுவும் நிலைக்காது.

இந்தக் கோரிக்கைகளை மாணவர் அமைப்பின் பொறுப்பு என்று விட்டுவிட முடியாது. தொழிற்சங்கக் கிளைகளிலும் விவசாயிகள் சங்கங்களிலும் உள்ள தோழர்களின் குடும்பங்களில் இந்த ஆண்டு பட்டம் முடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் இப்பாடம் உண்டு என்பதும், இன்னும் எஞ்சியிருக்கும் உதவித்தொகைகள் எவை என்பதும், எந்தச் சான்றிதழை எந்தத் தேதிக்குள் வாங்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் விண்ணப்பக் காலத்தில் உதவி மையம் அமைத்து அந்தப் பிள்ளைகளை இருக்கும் இடங்களில் சேர்ப்பதும், இல்லாத இடங்களுக்காக அவர்களையும் சேர்த்துக்கொண்டு தெருவில் இறங்குவதும் சேர்ந்தே நடக்க வேண்டிய வேலைகள். அடுத்த சேர்க்கைப் பருவம் தொடங்கச் சில மாதங்களே இருக்கின்றன.